ஆந்தை மூஞ்சி, பருந்து உடம்பு

மூன்று வருடத்துக்கு முன்னால், பொங்கல் கழிந்த வாரம். கயத்தாறுப் பக்கம் கிடை போடும் பெரியவர் ஒருவர் துண்டில் எதையோ சுற்றிக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். "அய்யா, மூஞ்சி ஆந்தை மாதிரில்லா இருக்கு, ஒடம்பு பருந்து. என்னன்னே புடிபடல." ஆட்டுக்கு ஊசி போடக் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கழுகுக் குஞ்சு என்றார் ஒருவர். ராஜாளி என்றார் இன்னொருவர்.

பெரியவரின் கண்தான் சரியான கண். அது பூனைப்பருந்து. முகத்தைச் சுற்றி ஆந்தைக்கு இருப்பதுபோல் வட்டமாக இறகு அமைந்திருக்கும். புல்லுக்குள் எலி அசையும் சத்தத்தைக் காதுக்குத் திருப்பிவிட அந்த வட்டம் உதவுகிறது. இறக்கையை விரித்தால் மூன்றடிக்கு மேல். தராசில் வைத்தால் கால் கிலோவும் கொஞ்சமும்தான். விரலை வைத்தபோது நெஞ்செலும்பு கத்தி விளிம்பு மாதிரி தட்டுப்பட்டது. பல நாள் பட்டினி.

இந்தப் பறவைகள் கஜகஸ்தான் போன்ற மத்திய ஆசியப் புல்வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, புரட்டாசி ஐப்பசியில் இங்கே வந்து பங்குனி வாக்கில் திரும்புகிறவை. பெரிய இரைக்காக வருவதில்லை. வெட்டுக்கிளி, ஓணான், எலி, சின்னக் குருவி. வெட்டுக்கிளிக்கு மருந்தடித்த காட்டில் இவற்றுக்கு என்ன மிஞ்சும் என்று சொல்லத் தேவையில்லை.

அடையாளம் காணப் பழகுகிறவர்கள் முதலில் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்து இரண்டு வருடம் வீணாக்கினேன். பருந்து இனத்தில் பல வகைகளில் ஆணுக்கு ஒரு நிறம், பெண்ணுக்கு ஒரு நிறம், இளம்பறவைக்கு இன்னொன்று. செம்பருந்தின் இளசு பழுப்பாக இருக்கும். கரும்பருந்து என்றே எழுதிவிடுவோம். வாலைப் பாருங்கள். கரும்பருந்துக்கு வால் நுனி உள்வாங்கிப் பிளவுபட்டிருக்கும், செம்பருந்துக்கு வட்டமாக முடியும். நின்ற இடத்திலேயே இறக்கை அடித்துக் கீழே நோட்டம் விடுகிறதா? வெள்ளையும் சாம்பலுமாக, தோளில் கறுப்போடு இருந்தால் கரும்தோள் பருந்து, வருடம் முழுக்க நம்மூரில் இருப்பது. செங்கல் நிற முதுகும் நீள வாலும் என்றால் குளிர்காலத்துக்கு வந்த கெஸ்ட்ரல் என்னும் சின்ன வேட்டைப்பறவை. தோப்புக்குள் நாலைந்து முறை படபடவென அடித்துவிட்டு வழுக்கிப் போவது வைரி. அக்காக்குயிலும் பார்வைக்கு வைரி மாதிரியே இருந்து ஏமாற்றும். அதனிடம் நான் இன்னும் ஏமாறுகிறேன்.

பூனைப்பருந்து இதில் எதிலும் சேராது. இறக்கைகளை மேல்நோக்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பயிருக்கு ஓர் ஆள் உயரத்தில், தள்ளாடித் தள்ளாடி வயலைத் துழாவிக்கொண்டே போகும். பழுப்பாக இருந்து, வால் தொடங்கும் இடத்தில் வெள்ளைப் பட்டை பளிச்சிட்டால் பெரும்பாலும் பெண் அல்லது இளசு. அதற்குள் எந்த வகை என்பதில் தேர்ந்தவர்களே சண்டை போடுவார்கள். 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் கலந்துகொள்கிறவர்களுக்கு நான் சொல்வது: 'ஏதோ ஒரு பூனைப்பருந்து' என்றே பதியுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் இல்லை.

அன்று வந்த பறவைக்கு வழியில் யாரோ வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். நல்ல மனசுதான். ஆனால் மூச்சுக்குழாயின் வாய் நாக்கு முடியும் இடத்திலேயே இருக்கிறது. ஊற்றும் தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போய்விடலாம். பாலும் சோறும் வேண்டவே வேண்டாம். துளை போட்ட அட்டைப்பெட்டி, அடியில் பழந்துணி, இருட்டு, அமைதி, அவ்வளவு போதும். துண்டைப் போர்த்தித் தூக்குங்கள். அலகைவிட நகத்துக்குப் பயப்படுங்கள். வனத்துறைக்கு உடனே தகவல் கொடுங்கள், 1972 வனவிலங்குச் சட்டப்படி வீட்டில் வைத்திருப்பது குற்றம்.

அந்தப் பறவைக்கு நான் கொடுத்தது வெதுவெதுப்பான திரவ மருந்து, பிறகு சிறுசிறு இறைச்சித் துண்டுகள். ஆறாம் நாள் வனத்துறை ஆட்களோடு கொண்டுபோய் விட்டோம். பெரியவரும் வந்திருந்தார். பெட்டியிலிருந்து எழும்பி, இறக்கையைத் தூக்கிப் பிடித்துத் தாழ்வாகப் போனது. வெள்ளைப் பட்டை தெரிந்தது. "அட, இதுவா? சாயங்காலம் சாயங்காலம் நம்ம கிடைக்கு மேல போகுமே!"

எங்கே போகும் என்று கேட்டேன். கூட்டிப்போய்க் காட்டினார். முழங்கால் உயரப் புல், அங்கங்கே உடைமரம். பத்திரத்தில் அதற்குப் பெயர் தரிசு. ஒரு ஓரத்தில் மனைக்கல் நட ஆரம்பித்திருந்தார்கள். பூனைப்பருந்துகள் மரத்தில் அடைவதில்லை, இந்த மாதிரிப் புல்லுக்குள் தரையில்தான் கூட்டமாக அடையும். இது தெரியாமல் படம் எடுக்கிறோம் என்று பைக்கை உள்ளே விடுகிறார்கள்.

தள்ளி ஒரு மேட்டில் உட்கார்ந்தோம். ஆறு மணி தாண்டியதும் ஒவ்வொன்றாக வந்து, ஒரு சுற்றுச் சுற்றி, புல்லுக்குள் இறங்கின. பைனாகுலரை வைத்துக்கொண்டு நான் பதினாலு எண்ணினேன். பெரியவர் வெறுங்கண்ணால் பதினாறு என்றார். நோட்டில் பதினாறு என்றே எழுதிக்கொண்டேன்.