தினமும் 300 பந்து பிடித்தால் பிள்ளை ரிசீவர் ஆகிவிடுவானா?

வலது கை நடுவிரலின் நடு மூட்டு வீங்கி, முழுதாக மடக்கவும் முடியாமல் நீட்டவும் முடியாமல் 12 வயதுப் பையன் ஒருவன் போன வாரம் சிகிச்சைக்கு வந்தான். அடிபட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. பக்கத்து விரலோடு சேர்த்து டேப் சுற்றிக்கொண்டு அந்த மூன்று வாரமும் பந்து பிடித்திருக்கிறான். வீட்டுப் பின்புறத்தில் பந்து வீசும் மெஷின் வாங்கி வைத்திருக்கிறார்கள். நாளைக்கு 300 பந்து என்பது அப்பா வைத்த கணக்கு. எத்தனை பிடித்தான், எத்தனை விட்டான் என்பதெல்லாம் அவருடைய ஃபோனில் அட்டவணையாக இருக்கிறது. வலி இருக்கும்போது ஏன் சார் நிறுத்தவில்லை என்று கேட்டேன். "ஜெர்ரி ரைஸ் சின்ன வயசுல செங்கல்லையே பிடிச்சுப் பழகினவர் மேடம்" என்றார். ரைஸ், அமெரிக்கன் ஃபுட்பாலில் பேர்போன ரிசீவர்.

நான் டெக்சஸில், டாலஸை ஒட்டிய ஊரில் பிசியோதெரபிஸ்ட். இங்கே ஃபுட்பால் என்றால் அமெரிக்கன் ஃபுட்பால்தான். வெள்ளிக்கிழமை இரவானால் பள்ளி மைதானத்தில் ஊரே கூடிவிடும். நம் ஆட்களின் பிள்ளைகளும் இப்போது ஆட வருகிறார்கள், எனக்கு அதில் சந்தோஷம்தான். குவார்ட்டர்பேக் வீசுகிற பந்தை ஓடிப்போய்ப் பிடிக்கிற ரிசீவர் இடத்தின் மேல் பிள்ளைகளுக்குத் தனி ஆசை. அந்த ஆசையோடு சேர்ந்து இந்தச் செங்கல் கதையும் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. வேறு வேறு வீட்டுப் பெற்றோர் வாயிலிருந்து அதே கதையை, அதே பாதியோடு நிறுத்திக் கேட்டுக் கேட்டு எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. மீதிக் கதையையும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன்.

ரைஸ் மிசிசிப்பி மாநிலத்தில் க்ராஃபோர்ட் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். அப்பா கொத்தனார். கோடை விடுமுறையில் பிள்ளைகள் அவரோடு வேலைக்குப் போவார்கள். அண்ணன் தம்பிகள் தூக்கிப் போடும் செங்கல்லை ரைஸ் பிடிப்பார். அவரே சொன்னதுதான், பொய் இல்லை. ஆனால் அது குடும்பப் பிழைப்புக்காகச் செய்த வேலை. ரிசீவர் ஆக்குவதற்காக யாரும் அவருக்குச் செங்கல் எறியவில்லை. ஃபுட்பாலுக்கே அவர் உயர்நிலைப் பள்ளியில்தான் வந்தார். வகுப்பை மட்டம் போட்டு மாட்டிக்கொண்டபோது அவர் ஓடின ஓட்டத்தைப் பார்த்துவிட்டுப் பள்ளி நிர்வாகி கோச்சிடம் சொல்லிச் சேர்த்துவிட்டதாகக் கதை. முதலில் கண்ணில் பட்டது கால். கை அப்புறம்தான்.

1985இல், தொழில்முறை அணிகள் வருடா வருடம் புது ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கும் தேர்வில், சான் ஃப்ரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் அணி அவரை முதல் சுற்றில், 16வது ஆளாக எடுத்தது. முதல் சீசனில் கைக்கு வந்த பந்தை நழுவவிட்டுக்கொண்டே இருந்தார். சொந்த மைதானத்திலேயே ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள். செங்கல்தான் அந்தக் கையைச் செய்தது என்றால் இது ஏன் நடந்தது? கோச் பில் வால்ஷின் ஆட்டமுறை சிக்கலானது. எந்த ரூட்டில் (முன்பே வகுத்த பாதையில்) ஓட வேண்டும், எத்தனையாவது அடியில் திரும்ப வேண்டும், எதிராளி இடம் மாறி நின்றால் என்ன செய்ய வேண்டும் என்று தலை முழுக்க அதே யோசனை. பந்து வரும் நேரத்தில் கவனம் பந்தில் இல்லை. ஆட்டமுறை மனதில் படிந்த பிறகு, அதே சீசனின் டிசம்பரில், லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 10 பந்து பிடித்து அணியை 241 யார்டு முன்னேற்றினார். கையை நம்பி 300, 500 என்று எண்ணுகிற பெற்றோர் இந்த ஒரு சீசனை மட்டும் படித்தாலே போதும்.

அவர் உழைக்காதவர் என்று நான் சொல்லவில்லை. அவரைப் போல உழைத்தவர்கள் அபூர்வம். சான் கார்லோஸ் பக்கத்தில் எட்ஜ்வுட் பூங்காவில் இரண்டரை மைல் மேட்டுப் பாதை ஒன்று உண்டு. சீசன் இல்லாத மாதங்களில் அதில் ஓடுவார். பயிற்சியில் கிட்டத்தில் வீசிய ஒரு பந்தைப் பிடித்தால்கூட அங்கேயே நிற்காமல் எல்லைக்கோடு வரை ஓடி முடிப்பார். ஆட்டத்தில் எது எப்படி நடக்க வேண்டுமோ அதை அப்படியே பயிற்சியிலும் செய்தார். 20 சீசன், 1,549 கேட்ச், 22,895 யார்டு. யார்டு கணக்கில் யாரும் இன்னும் அவர் பக்கத்தில்கூட வரவில்லை.

சரி, அப்படியானால் எல்லாம் உழைப்புதானே என்பீர்கள். அந்த உழைப்பைத் தாங்குகிற உடம்பும் பிறவியிலேயே வாய்ப்பதுதான். என் தொழிலில் இது தினமும் கண்ணுக்குத் தெரிகிறது. ஒரே கோச், ஒரே பயிற்சி, ஒரே மைதானம். ஒரு பையனுக்கு ஒன்றும் ஆகாது, இன்னொருவனுக்கு இரண்டாவது மாதத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கும். ரைஸ் முதல் 12 சீசன்களைப் பெரிய காயமில்லாமல் கடந்தவர். அவருக்கே 1997இல் இடது முழங்கால் தசைநார்கள் கிழிந்தன. மூன்றரை மாதத்தில் மைதானத்துக்குத் திரும்பினார். திரும்பிய முதல் ஆட்டத்திலேயே அதே காலில் முட்டிச்சில்லு உடைந்தது. அவசரத்துக்கு உடம்பு விலை கேட்கும். கொடுப்பது ஜெர்ரி ரைஸாக இருந்தாலும் சரி.

இதற்கு நேர் எதிர்க் கட்சியும் எனக்கு வருவதுண்டு. "நம்ம ஜீன்ல இதெல்லாம் இல்ல மேடம், உயரமும் பத்தாது" என்று 11 வயதிலேயே முடிவு கட்டிவிடுகிறவர்கள். இல்லாவிட்டால் பையன் வேகமாக ஓடுகிறான் என்பதற்காக வேறு எதையும் கற்றுத் தராமல் விட்டுவிடுகிறவர்கள். 2017இல் ஜான் ராஸ் என்ற ரிசீவர் 40 யார்டை 4.22 விநாடியில் ஓடி, அன்றைக்கு இருந்த சாதனையை உடைத்தார். 9வது ஆளாக அவரை எடுத்தார்கள். முதல் சீசனில் ஒரு கேட்ச்கூட இல்லை, அதற்குப் பிறகும் பெரிதாக எதுவும் அமையவில்லை. அதே வருடம் 69வது ஆளாக எடுக்கப்பட்ட கூப்பர் கப், 2021இல் 145 கேட்ச், 1,947 யார்டு, 16 டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது) என்று மூன்று கணக்கிலும் முதலிடம் பிடித்தார். அவர் ஓட்டம் சுமார்தான். எதிராளி எந்த நேரத்தில் எந்தப் பக்கம் சாய்வான் என்று படிப்பதில் கெட்டிக்காரர். அந்தக் கெட்டிக்காரத்தனத்தைத் திறமை என்பதா, பயிற்சி என்பதா? என்னால் பிரிக்க முடியவில்லை. பிரித்துக் காட்டுகிறேன் என்று காசு வாங்குகிற தனியார் கோச்சுகளை நான் நம்புவதும் இல்லை.

பத்தாயிரம் மணி நேரம் பயிற்சி செய்தால் போதும் என்ற பேச்சையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். 1993இல் ஆண்டர்ஸ் எரிக்சனும் உடனிருந்தவர்களும் பெர்லினில் வயலின் மாணவர்களைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பியது அது. சிறந்த மாணவர்கள் 20 வயதுக்குள் போட்ட பயிற்சியின் சராசரி அது. சராசரிக்குக் கீழே இருந்தவர்களும் அந்தக் கூட்டத்திலேயே உண்டு. பத்தாயிரம் தொட்டால் யாரும் மேதை ஆகலாம் என்று அந்தக் கட்டுரை சொல்லவே இல்லை. மாணவர்கள் தனியாக உட்கார்ந்து செய்த பயிற்சியைத்தான் அவர்கள் எண்ணினார்கள். அப்புறம் 2016இல் புரூக் மெக்னமாராவும் மற்றவர்களும் விளையாட்டு ஆய்வுகளை மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தார்கள். ஆளுக்கு ஆள் தெரியும் ஆட்டத்திறன் வித்தியாசத்தில் பயிற்சிக் கணக்கால் விளக்க முடிந்தது 18 சதவீதம். உச்சத்தில் ஆடுகிறவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 1 சதவீதம். அங்கே பயிற்சி வீண் என்று இதற்கு அர்த்தம் இல்லை. உச்சத்துக்குப் போன எல்லாரும் மலையளவு பயிற்சி செய்தவர்கள், அதனால் அவர்களுக்குள் யார் மேல் என்பதை மணிக்கணக்கு தீர்மானிப்பதில்லை.

மெஷின் விஷயத்துக்கு வருகிறேன். பெரிய அணிகளிலும் அது உண்டு, பெரியவர்கள் பயிற்சி முடிந்தபின் அதன் முன் நின்று பிடிக்கிறார்கள். அவர்களுக்கு அது சரி. அதே வேகத்தில், அதே சுழற்சியில், அதே இடத்துக்கு வருகிற பந்தை நின்ற இடத்தில் நின்று பிடிக்கப் பழகும் சின்னப் பையன் எதைக் கற்றுக்கொள்கிறான்? ஆட்டத்தில் பந்து மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் வரலாம். பந்தைப் பார்த்தபின் முடிவெடுக்க நேரம் போதாது. குவார்ட்டர்பேக்கின் தோளையும் கையையும் பார்த்தே பந்து எங்கே வரும் என்று கண் கணிக்க வேண்டும். மெஷினுக்குத் தோள் இல்லை. ஓடிக்கொண்டே திரும்பிப் பிடிப்பது, பக்கத்தில் ஒருவன் கையை நீட்டும்போது பிடிப்பது, இரண்டும் அங்கே கிடையாது. ரிசீவர் லாரி ஃபிட்ஸ்ஜெரால்டின் தாத்தா கண் பரிசோதகர். பேரனுக்குச் சின்ன வயதிலேயே பார்வைப் பயிற்சிகள் கொடுத்தவர். அந்தப் பேரன் 1,432 கேட்ச் பிடித்தார். குறைந்தபட்சம், பையன் பந்தை விட்டுக்கொண்டே இருந்தால் திட்டுவதற்கு முன் கண்ணைப் பரிசோதித்துப் பாருங்கள்.

பிறவித் திறமைக்கு எல்லாரும் காட்டுகிற ரிசீவர் ராண்டி மாஸையும் பாருங்கள். மேற்கு வர்ஜீனியாவில் பள்ளியில் படித்தபோது ஃபுட்பாலோடு கூடைப்பந்தும் பேஸ்பாலும் ஆடினார், 100, 200 மீட்டரில் மாநிலச் சாம்பியன். தலைக்கு மேலே பறந்து வரும் பந்து எங்கே விழும் என்று அவர் கண்ணுக்கு எத்தனை விதத்தில் பழக்கம் கிடைத்திருக்கும்! அதையெல்லாம் யாரும் பயிற்சிக் கணக்கில் எழுதுவதில்லை, அதனால் வரம் என்கிறோம்.

இப்போது பெற்றோருக்கு. 14 வயது வரை ஒரே விளையாட்டில் வருடம் முழுக்கப் போடாதீர்கள். ஒரு விளையாட்டில் மட்டும் இறங்குவதை 15, 16 வயது வரை தள்ளிப் போடச் சொல்லி அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் 2016இலேயே எழுதிவிட்டது. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் அந்த விளையாட்டே கூடாது, வருடத்தில் மொத்தமாக மூன்று மாதம் ஓய்வு வேண்டும் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. எங்கள் வட்டாரத்தில் இன்னொரு எளிய கணக்கும் உண்டு: வாரத்துக்கு எத்தனை மணி நேரப் பயிற்சி என்பது பையனின் வயதைத் தாண்டக் கூடாது. 12 வயதென்றால் 12 மணி, அதுவும் பள்ளி அணி, தனி கோச், வீட்டு மெஷின் எல்லாம் சேர்த்து.

பந்தின் அளவைப் பாருங்கள். பெரியவர்கள் ஆடும் பந்தைப் பத்து வயதுக் கையில் கொடுக்காதீர்கள், வயதுக்கேற்ற சின்னப் பந்து எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. விரல் நுனி பந்தை நோக்கி நீட்டியிருந்தால்தான் மூட்டில் இடிக்கும். நெஞ்சுக்கு மேலே வரும் பந்துக்கு இரண்டு கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து உள்ளங்கை பந்தைப் பார்க்க வேண்டும், இடுப்புக்குக் கீழே வந்தால் சுண்டுவிரல்கள் சேர வேண்டும். முதலில் மெதுவான பந்தில், மனிதர் கையால் எறிந்து பழக்குங்கள். ஒற்றைக்கைப் பிடியை இந்த வயதில் தொடவே வேண்டாம். 2014 நவம்பர் 23 அன்று ரிசீவர் ஓடெல் பெக்கம் ஜூனியர் டாலஸ் அணிக்கு எதிராக மல்லாந்து விழுந்தபடி ஒற்றைக் கையால் பிடித்தாரே, அதைப் பார்த்துச் செய்யப்போய் விரலை முறித்துக்கொண்ட பிள்ளைகளை நான் இன்றும் பார்க்கிறேன். அவர் கையின் அளவு வேறு, உங்கள் மகன் கையின் அளவு வேறு. அப்பா அம்மா இருவருமே விளையாட்டு வீரர்களாக இருந்த வீட்டில் பிறந்தவர் அவர்.

இனி நம் வீடுகளுக்கே உரிய ஒன்று, கெஞ்சிக் கேட்கிறேன். விரல் இடித்துக்கொண்டு வந்தால் சுளுக்கு என்று சொல்லி எண்ணெய் தடவி நீவாதீர்கள், சொடுக்கு எடுக்கிறேன் என்று இழுக்காதீர்கள். வளரும் பிள்ளையின் எலும்பில் முறிவு இருந்தால் இழுக்கிற இழுப்பில் விலகிவிடும். பாட்டி செய்தார், சரியாயிற்று என்பது ஆதாரம் ஆகாது. வளையாத சிறு குச்சி ஒன்றைத் துணை வைத்து லேசாகக் கட்டி, துணியில் சுற்றிய ஐஸ் வைத்து, கையை உயர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். விரல் நுனி தானாக நிமிராமல் தொங்கினால், விரல் கோணியிருந்தால், முஷ்டி மடக்கும்போது ஒரு விரல் மற்றொன்றின் மேல் ஏறினால், அன்றைக்கே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அடுத்த ஆட்டம் முடியட்டும் என்று தள்ளாதீர்கள். நுனி தொங்கும் விரலுக்குப் பொதுவாக 6 முதல் 8 வாரம், இரவும் பகலும், குளிக்கும்போதும்கூட, விரலை நேராகப் பிடித்திருக்கும் ஸ்ப்ளின்ட்டைக் கழற்றக் கூடாது. நடுவில் ஒரே ஒரு முறை அந்த நுனி மடங்கிவிட்டாலும் நாள் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். அந்த வாரங்களில் பையனை மைதானத்துக்குக் கூட்டிப்போங்கள், பந்து மட்டும் வேண்டாம். கால் ஓடட்டும், ரூட் பழகட்டும், பெரிய பையன்கள் ஆடும்போது குவார்ட்டர்பேக்கின் தோளைப் பார்த்துப் பந்து எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள்.