காய்ந்த பாட்டில்: பிரஷ்ஷுக்கு அசையாத கறை எதனால் ஆனது?

ஊற்றி முடித்த கையோடு வெந்நீர் விட்டு மூன்று முறை குலுக்கிக் கொட்டிய பாட்டிலுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது. அடியில் அரை விரல்கடை பீரோடு பத்து நாள் மூலையில் கிடந்துவிட்டு, அடுத்த முறை வீட்டில் பீர் காய்ச்சும்போது கழுவ வரும் பாட்டிலைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தால் அடியில் பழுப்புநிற அடை தெரியும். ஈஸ்ட் செல்கள், மால்ட்டிலிருந்து (முளைகட்டி உலர்த்திய பார்லி) வந்த புரதம், நொதிக்காமல் மிஞ்சிய நீள்சங்கிலிச் சர்க்கரைகள், பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவின் பிசின் எல்லாம் கலந்த கலவை அது. ஈரமாக இருந்தவரை இவற்றுக்கு நடுவே தண்ணீர் இருந்தது. லேசாகக் குலுக்கினாலே கரைந்து வந்திருக்கும். தண்ணீர் ஆவியானதும் புரதச் சங்கிலிகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன, கண்ணாடிப் பரப்பையும் பற்றிக்கொள்கின்றன. அப்படி இறுகிய அடைக்குள் தண்ணீர் திரும்ப நுழைய மணிக்கணக்கில் ஆகும். உலர்ந்த அடையை பிரஷ்ஷால் தேய்த்தால் மேல்தோல்தான் உரியும். பாட்டிலின் தோள் வளைவுக்குள் பெரும்பாலான பிரஷ்கள் எட்டுவதும் இல்லை.

இங்கே பலர் செய்யும் தவறு, அடையின் மேலேயே கிருமிநீக்கியை ஊற்றுவது. அமில வகைக் கிருமிநீக்கி புரதத்தைக் கரைக்காது. பால் திரிவதுபோல அதை இன்னும் இறுக்கிவிடும். அடைக்குள் இருக்கும் பாக்டீரியாவும் காட்டு ஈஸ்ட்டும் பத்திரமாகப் பிழைத்து, அடுத்த பீரில் மிஞ்சியிருக்கும் சர்க்கரையைத் தின்று வாயுவைப் பெருக்கும். மூடி திறந்ததும் பொங்கி வழியும் பாட்டில்கள் பல இந்த வழியில் வந்தவையே.

அடையை இளக்க வேண்டியது காரம். வீட்டுக்கு மிகப் பொருத்தமானது சோடியம் பர்கார்பனேட். தண்ணீரில் போட்டதும் இது சலவை சோடாவாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் பிரியும். சலவை சோடா நீரின் காரத்தன்மையை பிஎச் 10.5 அளவுக்கு உயர்த்தி, புரதத்தை ஊதவைத்து, பிசினைக் கண்ணாடியிலிருந்து பிரிக்கும். பெராக்சைடு நிறப்பொருள்களை வெட்டும். அதிலிருந்து வெளிவரும் ஆக்சிஜன் குமிழ்கள் அடையை அடியிலிருந்து நெம்பும்.

20 லிட்டர் தொட்டிக்கு 100 கிராம் போதும். பழைய கறை என்றால் 200 கிராம். தண்ணீர் 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். குளிர்ந்த கண்ணாடியை நேராக அதில் போட வேண்டாம்: 40 டிகிரி வேறுபாடே தடித்த அடிப்பாகத்தில் விரிசல் விழவைக்கக்கூடும். முதலில் வெதுவெதுப்பான நீரில் நனைத்துக்கொள்ளுங்கள். பாட்டிலைச் சாய்த்து உள்ளே இறக்கினால் காற்று முழுவதும் வெளியேறும். காற்று தங்கிய இடத்தில் கறையும் தங்கும். உங்களுக்குக் கையுறையும் பாதுகாப்பு மூக்குக்கண்ணாடியும் அவசியம்.

இன்னொரு நுணுக்கம் உண்டு. ஈஸ்ட் செல்லுக்குள் கேட்டலேஸ் என்ற நொதி இருக்கிறது. பெராக்சைடை உடைப்பதே அதன் வேலை. அடியில் கெட்டியான ஈஸ்ட் வண்டலோடு பாட்டிலைத் தொட்டியில் இறக்கினால் நுரை பொங்கும். மருந்து வேலை செய்கிறது என்று தோன்றும். உண்மையில் அது வீணாகிக்கொண்டிருக்கிறது. இளகி வரும் வண்டலை முதலில் வெறும் தண்ணீரால் அலசிக் கொட்டிவிட வேண்டும்.

கால் மணி நேரத்தில் அடையின் ஓரத்தில் ஊசிமுனைக் குமிழ்கள் வரிசைகட்டும். சில மணி நேரத்தில் அடை வெந்த பால் ஏடுபோலத் தொங்கும். அப்போது பிரஷ் ஒரு சுற்றே போதும். பிரஷ் எட்டாத தோளுக்கு, இரண்டு ஸ்பூன் பச்சரிசியும் கால் பாட்டில் கரைசலும் போட்டுக் குலுக்கலாம். மணல் வேண்டாம், கண்ணாடியில் கீறல் விழும். நேற்றுக் கரைத்த கரைசலில் பெராக்சைடு போய்விட்டிருக்கும். அது வெறும் சலவை சோடா நீர்தான். கரைசல் உள்ள பாட்டிலை மூடவே கூடாது. 100 கிராம் பொடி முழுதும் சிதைந்தால் ஏறக்குறைய 11 லிட்டர் ஆக்சிஜன் வரும்.

கழுவிக் காயவைத்த பிறகு வெள்ளைப் புகைபோல ஒரு படலம் தெரிந்தால், அது பழைய கறை அல்ல, நீங்களே உண்டாக்கியது. கடின நீரிலுள்ள கால்சியம் சலவை சோடாவோடு சேர்ந்து சுண்ணாம்பாகப் படிந்திருக்கிறது. இரவு முழுவதும் ஊறவைத்தால் இது கூடும். ஒரு லிட்டர் நீருக்கு 20 கிராம் சிட்ரிக் அமிலம், அரை மணி நேரம், போய்விடும். காரத்தை நன்றாக அலசிய பிறகே அமிலம். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

சிட்ரிக் அமிலத்துக்கும் மசியாத சொரசொரப்பு என்றால் அது கால்சியம் ஆக்சலேட்டாக இருக்கலாம். மால்ட்டின் ஆக்சலேட்டும் நீரின் கால்சியமும் சேர்ந்து உண்டாவது, பீர்ஸ்டோன் என்பார்கள். பாஸ்பாரிக் அமிலம் கொண்ட கிளீனர்தான் அதற்கு வழி. அதை விட்டுவைத்தால் ஒவ்வொரு துருத்தலும் கார்பன் டை ஆக்சைடு குமிழ் பிறக்கும் இடமாகிவிடும். அதற்கும் அசையாமல், நனைந்தால் மறைந்து காய்ந்தால் திரும்பும் மங்கல் என்றால் கண்ணாடியே அரிக்கப்பட்டிருக்கிறது. எதைப் போட்டாலும் தெளியாது.

பிளீச்சிங் திரவத்தைப் பலர் கையில் எடுப்பார்கள். சரியாக அலசாவிட்டால் அதன் குளோரின் பீரிலுள்ள ஃபீனால்களோடு சேர்ந்து மருந்து நெடியடிக்கும் குளோரோஃபீனால் ஆகும். மிக நுண்ணிய அளவிலேயே நாக்குக்குத் தெரியும். அமிலத்தோடு கலந்தால் குளோரின் வாயு. இந்த வேலைக்கு அது வேண்டியதே இல்லை.

பிளாஸ்டிக் பாட்டிலுக்கு பிரஷ் போடாதீர்கள், வெப்பமும் 50 டிகிரியைத் தாண்ட வேண்டாம். லேபிளைப் பொறுத்தவரை, கேசின் பசை (பால் புரதத்தால் ஆனது) இதே தொட்டியில் கழன்றுவிடும். ஸ்டிக்கர் பசைக்கு வெளிப்புறம் சமையல் எண்ணெய் தடவி, பிறகு சோப்பு.

சுத்தமாகிவிட்டதா என்பதைத் தண்ணீரே சொல்லும். அலசிக் கவிழ்த்ததும் உட்சுவரில் தண்ணீர் ஒரே விரிப்பாக வழிந்தால் சரி. திட்டுத்திட்டாக உடைந்து துளியாக நின்றால் எண்ணெய்ப் படலம் மிச்சமிருக்கிறது. அது பீரின் நுரையையும் கொல்லும். கிருமிநீக்கி இதற்குப் பிறகுதான், அதுவும் பீர் நிரப்பும் வேளையில்.

கடைசியாக, கொஞ்சம் பஞ்சை விளிம்பின் மேல் ஓட்டிப் பாருங்கள். இழை சிக்கினால் அங்கே சில்லு தெறித்திருக்கிறது. அறை வெப்பத்தில் வழக்கமான பீர் பாட்டிலுக்குள் ஏறக்குறைய 2 பார் அழுத்தம் நிற்கும். அந்த பாட்டிலில் பூச்செடி வைக்கலாம், பீர் வேண்டாம்.