பணம் அனுப்பியாச்சு என்கிறார்கள், கணக்கில் காணோம்: ஆதார் சீடிங்கில் எங்கே மாட்டுகிறோம்?

அரசு மானியமோ கூலியோ வரவில்லையே என்று அலுவலகத்தில் கேட்டால் "பணம் போட்டாச்சும்மா, பேங்க்ல போய்க் கேளுங்க". வங்கியில் கேட்டால் "எங்களுக்கு எதுவும் வரல, அனுப்பினவங்களைக் கேளுங்க". கொடுமை என்னவென்றால் இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். பணம் போயிருக்கும், ஆனால் நீங்கள் மறந்தே போன வேறொரு வங்கிக்கு. இதைத் திரையில் பார்த்துச் சொல்ல இரண்டு நிமிடம் போதும், ஆனாலும் கூலியை விட்டுவிட்டு வந்து நிற்பவரிடம் "அடுத்த வாரம் வாங்க" என்பதுதான் பதிலாக வருகிறது.

விஷயம் இதுதான். 2013 ஜனவரி 1-ல் மத்திய அரசு நேரடிப் பணப் பரிமாற்றத்தை (சுருக்கமாக டிபிடி) தொடங்கியது. காஸ் மானியம், ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான், 2024 ஜனவரி 1-லிருந்து கட்டாயமாக நூறு நாள் வேலைக் கூலி என்று பலதும் இப்போது ஆதார் வழியாகத்தான் வருகின்றன. ஆதார் வழி என்றால் நீங்கள் மனுவில் எழுதிக் கொடுத்த கணக்கு எண்ணை யாரும் பார்ப்பதில்லை. என்.பி.சி.ஐ. என்ற தேசியப் பணப்பரிவர்த்தனை நிறுவனம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, அதில் ஒரு ஆதாருக்கு ஒரே ஒரு வங்கி. எந்த வங்கி கடைசியாகப் பதிந்ததோ பணம் அங்கே போகும். அவ்வளவுதான்.

முதல் சிக்கல், "ஆதார் லிங்க் பண்ணியாச்சு" என்று கவுண்டரில் சொல்வது. கேஒய்சி எனும் அடையாளச் சரிபார்ப்புக்காக ஆதார் நகலை வாங்கிக் கணக்கில் ஏற்றுவது வேறு, மானியம் வருவதற்காக அந்தப் பட்டியலில் பதிவது வேறு. இந்தப் பதிவுதான் சீடிங். முன்னதைச் செய்துவிட்டுப் பின்னதும் முடிந்தது போலப் பேசி அனுப்பிவிடுகிறார்கள். அதனால் "லிங்க் ஆகியிருக்கா?" என்று கேட்காதீர்கள், "என்.பி.சி.ஐ.-யில் டிபிடி-க்கு சீடிங் ஆகியிருக்கா?" என்றே கேளுங்கள். அவர்கள் சொல்வதையும் நம்ப வேண்டாம். மைஆதார் தளத்தில் உங்கள் எண்ணுக்கு வரும் ஓடிபி-யைப் போட்டால் எந்த வங்கி, ஆக்டிவா இல்லையா, எந்தத் தேதியில் பதிந்தது என்று காட்டிவிடும். சாதாரண போனில் *99*99*1# என்று அடித்தும் பார்க்கலாம், அது சில நேரம் அடம் பிடிக்கும். ஓடிபி-யை மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், "நானே பார்த்துத் தரேன்" என்பவரிடம்கூட.

இரண்டாவது, புதுக் கணக்கு. முகாம் போட்டு, கைரேகை வாங்கி, ஐந்து நிமிடத்தில் கணக்கு திறந்து தருவார்கள். அந்தப் படிவத்திலேயே மானியத்தை இங்கே மாற்றச் சம்மதம் என்று ஒரு டிக் இருக்கும், யாரும் படித்துக் காட்ட மாட்டார்கள். 2017-ல் சிம் சரிபார்ப்புக்கு வைத்த கைரேகையைக் கொண்டே ஏர்டெல் பேமெண்ட்ஸ் வங்கியில் கணக்குகள் திறக்கப்பட்டு, காஸ் மானியம் சொந்தக்காரருக்கே தெரியாமல் அங்கே போய்ச் சேர்ந்தது. அந்த டிசம்பரில் ஆதார் ஆணையம் அந்நிறுவனத்தின் இ-கேஒய்சி உரிமத்தை நிறுத்திவைத்தது. எனவே உங்கள் பாஸ்புக்கில் மானியம் திடீரென நின்றிருந்தால் முதலில் யோசிக்க வேண்டியது, சமீபத்தில் எங்கே கைரேகை வைத்தோம் என்பதைத்தான்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. அந்தப் பட்டியலில் வங்கியின் பெயர் மட்டும்தான் இருக்கிறது, கணக்கு எண் கிடையாது. ஒரே வங்கியில் உங்களுக்கு இரண்டு கணக்கு இருந்தால் எதில் வரவு வைப்பது என்பதை வங்கிதான் முடிவு செய்யும். பழைய ஜன்தன் கணக்கில் பணம் சேர்ந்துகொண்டிருக்க, நீங்கள் புது பாஸ்புக்கை என்ட்ரி போட்டுப் போட்டு ஏமாந்துகொண்டிருப்பீர்கள்.

சரி, மாற்றுவது எப்படி? எந்த வங்கியில் பணம் வர வேண்டுமோ அங்கே போய்ச் சம்மதப் படிவம் கொடுக்க வேண்டும். முன்பு எந்த வங்கியில் இருந்தது என்று எழுத இடம் இருக்கும், அதைக் காலியாக விடாதீர்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். "அதெல்லாம் வேண்டாம், சிஸ்டத்துல ஏத்திடுவோம்" என்பார்கள், நகராமல் நில்லுங்கள். அது இல்லாவிட்டால் அடுத்த மாதம் நீங்கள் வந்து கேட்டதற்கே சாட்சி கிடையாது. எழுதிக் கொடுத்து 30 நாளாகியும் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், விவரத்துக்கு 14448. கவுண்டரில் இந்த எண்ணைச் சொன்னாலே சில நேரம் வேலை நகர்கிறது.

குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று வந்த பணத்தில் வங்கி கைவைப்பதும் உண்டு. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வந்த உடனேயே அப்படிப் பிடித்தார்கள், மாநில நிதியமைச்சரே கண்டிக்க வேண்டியிருந்தது. இருப்பு எதுவும் வைக்கத் தேவையில்லாத அடிப்படைக் கணக்காக மாற்றித் தரச் சொல்லுங்கள். கணக்கு முடங்கிக் கிடந்தால் அதை உயிர்ப்பிக்கக் கட்டணம் வாங்கக் கூடாது, அப்படித்தான் ரிசர்வ் வங்கி விதி.

கோபத்தில் பழைய கணக்கை உடனே மூடிவிடாதீர்கள். மூடினால் பட்டியலிலிருந்து அந்த வங்கியின் பெயரும் தானாகப் போய்விடும் என்று நம்ப முடியாது. முதலில் புது வங்கிக்கு மாறியதைத் திரையில் பாருங்கள். அதுவரை பழைய கணக்கில் விழுந்த பணம் அங்கேயேதான் இருக்கும், பாஸ்புக்கோ ஏடிஎம் கார்டோ தேவையில்லை, ஆதார் எண்ணையும் வங்கியின் பெயரையும் சொல்லி தபால்காரர் கொண்டுவரும் கருவியிலேயே கைரேகை வைத்து எடுத்துக்கொள்ளலாம்.