அணைத்த பிறகும் மினுங்கும் விளக்கு

கூரையில் புது எல்.இ.டி. விளக்கு மாட்டியாயிற்று. சுவிட்சைப் போட்டால் நன்றாக எரிகிறது. அணைத்தால்தான் வம்பு. இருட்டில் லேசாக மினுங்கிக்கொண்டே இருக்கிறது, அல்லது சில விநாடிகளுக்கு ஒரு தடவை பளிச்சிட்டு அடங்குகிறது. விளக்கு கெட்டுப்போனது என்று திருப்பிக் கொடுக்கிறவர்கள் உண்டு. பெரும்பாலும் விளக்கில் ஒரு குறையும் இருக்காது. சுவருக்குள் வெகுநாளாக இருந்துவந்த ஒன்றை அது இப்போது காட்டிக்கொடுக்கிறது.

சுவிட்சுக்கு மின்சாரம் கொண்டுவரும் ஃபேஸ் கம்பியும், சுவிட்சிலிருந்து விளக்குக்குப் போகும் கம்பியும் பெரும்பாலும் ஒரே குழாய்க்குள் ஒட்டியே ஓடுகின்றன. இரண்டு உலோகக் கம்பிகள், நடுவில் பிவிசி உறை. யாரும் திட்டமிடாமலே உருவான கெபாசிட்டர், அதாவது மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் அமைப்பு, அது. மாறுதிசை மின்சாரத்தைக் கெபாசிட்டர் முழுதாகத் தடுக்காது, கொஞ்சம் கடத்தும். மீட்டருக்கு 100 பிகோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், 10 மீட்டர் ஓட்டத்துக்கு 1 நானோஃபாரட். 50 ஹெர்ட்ஸில் அது சுமார் 32 லட்சம் ஓம் தடைக்குச் சமம். 230 வோல்ட்டில் ஏறக்குறைய 70 மைக்ரோஆம்பியர் கசியும், சுவிட்ச் அணைந்திருந்தாலும்!

குண்டு பல்பு இருந்த காலத்தில் இது யார் கண்ணிலும் படவில்லை. 60 வாட் பல்பின் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் தடை நூறு ஓம்கூடத் தேறாது. அந்தக் கசிவு அதன் வழியே, மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பிக்குப் போய்விடும், இழை சூடாகவே ஆகாது. எல்.இ.டி. விளக்கின் கதை வேறு. மின்சாரத்தை எல்.இ.டி.க்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிரைவர் என்ற சுற்று அதற்குள் உண்டு. அதில் முதலில் டயோடுகள், பின்னால் ஒரு கெபாசிட்டர். கசிந்து வருவதை டயோடுகள் ஒரே திசைக்குத் திருப்ப, கெபாசிட்டர் அதைச் சேர்த்துவைக்கும். 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் 100 வோல்ட்டுக்கு ஏற, இந்தக் கசிவுக்குக் கால் நிமிடம் போதும். போதுமான வோல்ட் சேர்ந்ததும் டிரைவர் விழித்துக்கொண்டு விளக்கை ஒரு கணம் எரியவிடும். சேமிப்பு தீர்ந்துவிடும், மறுபடி தூங்கிவிடும். சில விநாடிகளுக்கு ஒரு முறை பளிச்சிடுவது இதனால்தான். டிரைவர் எளிமையானதாக இருந்தால், கசிவு நேராக எல்.இ.டி.க்கே போய் மங்கலாகத் தொடர்ந்து மினுங்கும். சுவிட்சுக்குள்ளேயே இருட்டில் தெரிவதற்கான குட்டி நியான் இருந்தாலும் இதே கூத்துதான். அந்த நியானுக்கான மின்சாரம் விளக்கின் வழியாகத்தான் போய் வருகிறது.

இதுவரை சொன்னதில் ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் இதே மினுங்கலை ஆபத்தான ஒரு கோளாறும் உண்டாக்கும். சுவிட்சை ஃபேஸில் வைக்காமல் நியூட்ரலில் வைத்துவிட்டார்கள் என்றால், அணைத்த பிறகும் விளக்கின் உள்பாகம் முழுக்க 230 வோல்ட்டில் நிற்கும். அங்கிருந்து பக்கத்திலுள்ள உலோகத் தகட்டுக்கும் எர்த்துக்கும் கொஞ்சம் கசிய, விளக்கு மினுங்கும். சுவிட்சை அணைத்துவிட்டோமே என்று நம்பிக் கை வைப்பவருக்கு ஷாக் நிச்சயம்.

இரண்டில் எது என்று டெஸ்டரைக் கேட்டால் சரியான பதில் வராது. நியான் டெஸ்டர் எரிய மைக்ரோஆம்பியர் கணக்கே போதும், கசிவால் மட்டும் தோன்றும் பேய் வோல்ட்டுக்கும் அது எரியும். டிஜிட்டல் மல்டிமீட்டரும் ஏமாறும். அதன் உள்தடை வழக்கமாக 1 கோடி ஓம். 32 லட்சம் ஓம் வழியாக வரும் கசிவு அதற்குப் பெரிய வோல்ட்டாகவே தெரியும், எங்கும் இணைக்காத கம்பியில்கூட நூறைத் தாண்டிக் காட்டலாம். சில ஆயிரம் ஓம் உள்தடை கொண்ட மீட்டரால் அளந்தால் கசிவு வோல்ட் உடனே சரிந்துவிடும், நிஜ ஃபேஸ் அசையாமல் நிற்கும். எர்த்துக்கு எதிராக அளக்கும்போது ஆர்.சி.சி.பி. (மின்சாரம் வேறு வழியில் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்துவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

வெறும் கசிவு என்று உறுதியானால், விளக்குக்கு இணையாக 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 வகைக் கெபாசிட்டர் (ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே மாட்டவே செய்யப்பட்டது) ஒன்று போதும். 50 ஹெர்ட்ஸில் அது 32 ஆயிரம் ஓம் தடைக்குச் சமம், 70 மைக்ரோஆம்பியரால் அதில் எழுவது இரண்டு வோல்ட் சொச்சம். டிரைவர் அதற்கு எழுந்திருக்காது.

இன்னொரு குழப்பம் இதற்கு நேரெதிர். சுவிட்ச் போட்டும் விளக்கு எரியவில்லை, ஆனால் டெஸ்டர் இரண்டு கம்பியிலும் எரிகிறது. இரண்டு ஃபேஸ் வந்துவிட்டது என்பார்கள். வழியில் எங்கோ நியூட்ரல் அறுந்திருக்கிறது, விளக்கின் வழியாக ஃபேஸ் மறுபக்கம் போய்ப் போக வழியின்றி நிற்கிறது, அவ்வளவே. விளக்கைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் ஒரு கம்பியில் மட்டும்தான் டெஸ்டர் எரியும்.

விளக்கு எப்போதும் எரிகிறது, சுவிட்சைப் போட்டதும் எம்.சி.பி. (மின்சாரம் அளவுக்கு மிஞ்சினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) விழுகிறது என்றால் யோசிக்கவே வேண்டாம். சுவிட்சின் இரண்டு கம்பிகளும் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே மாட்டப்பட்டிருக்கின்றன. நிறத்தை நம்பி இணைத்தால் இப்படி ஆகும். பல நாடுகளில் நீலம் நியூட்ரல், பழைய முறை வயரிங் சிலவற்றில் நீலமே ஒரு ஃபேஸ்.

எம்.சி.பி. விழாமல் நிற்கிறது, ஆர்.சி.சி.பி. மட்டும் விழுகிறது என்றால் நியூட்ரலைப் பக்கத்து சர்க்யூட்டிலிருந்து இரவல் வாங்கியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ஆர்.சி.சி.பி. பார்ப்பது, தன் வழியாகப் போனதும் திரும்பி வந்ததும் சமமா என்பதை மட்டுமே. திரும்பும் வழி வேறு ஆர்.சி.சி.பி.யின் நியூட்ரல் என்றால், விளக்கு இழுப்பது முழுவதும் வித்தியாசமாகவே அதற்குத் தெரியும். 10 வாட் விளக்குக்கே 43 மில்லிஆம்பியர் ஆகிறது, 30 மில்லிஆம்பியர் வித்தியாசத்துக்கே விழும் ஆர்.சி.சி.பி. நிற்காது. இங்கே விளக்கின் எம்.சி.பி.யை மட்டும் அணைத்துவிட்டுக் கை வைப்பது போதாது. இரவல் கொடுத்த சர்க்யூட்டின் சுமை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், அந்த நியூட்ரல் இணைப்பைப் பிரித்த கணமே கழன்ற முனையில் 230 வோல்ட் ஏறி நிற்கலாம். மெயினையே அணைத்துவிட்டு, மின்சாரம் இருப்பது தெரிந்த இடத்தில் முதலிலேயே சரிபார்த்த மீட்டரால் ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்று கம்பிகளையும் சோதித்த பிறகுதான் அதைத் தொடலாம்.