கிராம்புத் தைலம்: வலி அடங்கும், சீழ் அடங்காது

சொத்தைப் பல்லோடு வருகிறவர்கள் பலர் வாயைத் திறந்ததுமே கிராம்பு வாசனை அடிக்கும். இரவெல்லாம் தைலம் நனைத்த பஞ்சை வைத்துச் சமாளித்திருப்பார்கள். "தைலம் கிருமியைக் கொல்லும்னு சொல்றாங்களே டாக்டர்?" என்று கேட்பார்கள்.

கொல்லும், உண்மைதான். கிராம்புத் தைலத்தில் பெரும்பங்கு யூஜெனால் என்ற வேதிப்பொருள். வழக்கமாக 70 முதல் 90 சதவீதம் வரை. பாக்டீரியாவின் மேல்சவ்வைக் குலைத்து, உள்ளே இருப்பதைக் கசிய வைத்துவிடும். சொத்தையை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் கிருமியை ஆய்வகத் தட்டில் பரப்பி, தைலம் தோய்த்த வட்டத் தாளை வைத்தால், சுற்றிலும் கிருமி வளராத தெளிந்த வளையம் தெரியும். நாங்களே யூஜெனாலைத் துத்தநாக ஆக்சைடு பொடியோடு குழைத்துத் தற்காலிக அடைப்பாக வைக்கிறோம்.

ஆனால் தட்டில் நடப்பது பல்லுக்குள் நடப்பதில்லை. வாயில் கிருமிகள் பிசுபிசுப்பான படலத்தைப் போர்த்திக்கொண்டு கூட்டமாக ஒட்டியிருக்கும். சொத்தை ஆழமானால் பற்கூழுக்குள், அதாவது பல்லின் நடுவே நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் மென்பகுதிக்குள், புகுந்து வேர் நுனிவரை இறங்கிவிடும். குழியில் வைத்த பஞ்சின் தைலம் அங்கே எட்டாது.

பிறகு வலி எப்படிக் குறைகிறது? யூஜெனால் நரம்பை மரத்துப்போகச் செய்கிறது, அவ்வளவுதான். ஆபத்தும் அங்கேதான். வலி போனதும் பல் மருத்துவரிடம் போகும் எண்ணமும் போய்விடுகிறது. சிலருக்குப் பற்கூழ் செத்துப்போனதால்கூட வலி நிற்கும். வேரடியில் சீழ் கட்டிக்கொண்டே இருக்கும். கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் தாடைக்கு அடியில் இருபுறமும் பரவினால், நாக்கை மேலே தள்ளி மூச்சை அடைக்கும். லுட்விக் என்ற ஜெர்மன் மருத்துவர் 1836-ல் விவரித்த நிலை இது. லுட்விக் ஆஞ்சைனா என்போம். இன்றும் உயிரைப் பறிக்கக்கூடியது.

நீர்க்காத தைலம் ஈறில் பட்டால் வெந்து வெள்ளையாக உரியும். குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் பாட்டிலை வைக்கவே வேண்டாம். 5, 10 மில்லி விழுங்கிய குழந்தைக்குக்கூடக் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

பெரியவர்கள், ஓர் இரவைக் கடத்த, தேங்காய் எண்ணெயில் கலந்து ஒரு சொட்டைப் பஞ்சில் வைத்துக்கொள்ளலாம். காலையில் வலி இல்லாவிட்டாலும் பல் மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுங்கள். முகமோ கழுத்தோ வீங்கினால், வாய் திறக்கவோ எச்சில் விழுங்கவோ முடியாமல் போனால், விடியும்வரை காத்திருக்காமல் நேரே பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.