சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்: பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

வீடு மாறிவிட்டோம், பழைய பள்ளியில் டிசி தரவில்லை என்று பிள்ளையை வீட்டிலேயே வைத்திருப்பவர்கள் உண்டு. அப்படி ஒரு நாள்கூட வைத்திருக்க வேண்டாம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி, 8ஆம் வகுப்பு வரை டிசி வரத் தாமதமாகிறது என்று காரணம் சொல்லிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. பிறப்புச் சான்றிதழ் இல்லை என்றும் திருப்பி அனுப்பக் கூடாது. ஜூன் மாதத்தைத் தவறவிட்டு நடுவில் வந்தாலும் இடம் தர வேண்டும். வயதுக்கு ஏற்ற வகுப்பில்தான் உட்கார வைக்க வேண்டும். படிப்பு விட்டுப்போன பிள்ளைக்குச் சிறப்புப் பயிற்சி தருவது பள்ளியின் பொறுப்பு.

சென்னையில் இந்தப் பள்ளிகளை நடத்துவது மாநகராட்சி. நாம் கட்டும் சொத்து வரிக்குள்ளேயே கல்வி வரியும் அடக்கம், அதனால் இவை நம் பணத்தில் ஓடும் பள்ளிகள். முன்பு 281 பள்ளிகள் இருந்தன. 2011-ல் நகர எல்லை விரிந்தது. அப்படிச் சேர்ந்த பகுதிகளில் பள்ளிக் கல்வித் துறை நடத்திவந்த 139 பள்ளிகளும் பிற்பாடு மாநகராட்சியிடம் வந்தன. பெயர்ப் பலகையில் 'சென்னை நடுநிலைப் பள்ளி', 'சென்னை மேல்நிலைப் பள்ளி' என்று இருக்கும். தனியார் பள்ளியோ என்று தயங்காமல் உள்ளே போய்க் கேளுங்கள். தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டும் உண்டு. பல பள்ளிகளில் எல்கேஜியும் இருக்கிறது.

பாடநூல், சீருடை, புத்தகப்பை எல்லாம் விலையில்லாமல் கிடைக்கும். மாநகரப் பேருந்திலும் மாணவர்களுக்குக் கட்டணம் இல்லை. 1 முதல் 5ஆம் வகுப்பு வரை காலை உணவும் உண்டு: உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்று, கூடவே சாம்பார். இந்தத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. ஆனால் பசியோடு வரும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை இந்த மாநகராட்சி நூறு ஆண்டுக்கு முன்பே உணர்ந்திருந்தது. 1920-ல் பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் ஒரு மாணவருக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவிட்டுச் சிற்றுண்டி தரலாம் என்று மன்றம் ஒப்புதல் தந்தது. சில ஆண்டுகளில் அது நின்றுபோனாலும், பின்னால் வந்த மதிய உணவுக்கு வித்து அங்கே விழுந்தது என்பதே என் எண்ணம்.

அப்புறம், பலர் கவனிக்காமல் இழக்கும் விஷயம் ஒன்று. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பிலும் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளிலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. அந்தக் கணக்கில் மாநகராட்சிப் பள்ளியும் அரசுப் பள்ளிதான். கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப்பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருவதற்கும் இதே 6 முதல் 12 வரையிலான படிப்பைத்தான் முக்கியமாகப் பார்க்கிறார்கள். எட்டாவது வரை மாநகராட்சிப் பள்ளி, ஒன்பதாவதிலிருந்து தனியார் பள்ளி என்று மாற்றினால் இந்த ஒதுக்கீடு கைவிட்டுப் போகும். மாற்றத்தான் வேண்டும் என்றால், இதையும் எடைபோட்டுப் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

சேர்க்கைக்குப் பிறப்புச் சான்றிதழ், ஆதார், குடும்ப அட்டை இருந்தால் கொண்டுபோங்கள். முதல் வகுப்புக்கு 5 வயது நிரம்பியிருந்தால் போதும். நுழைவுத் தேர்வோ நன்கொடையோ கிடையாது. யாராவது மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மாநகராட்சிக் கல்வி அலுவலரிடம் முறையிடலாம், பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணிலும் பேசலாம். சேர்த்த பிறகு, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் என்று அழைத்தால் கட்டாயம் போங்கள். அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். கழிப்பறைக் கதவு உடைந்திருந்தாலும் ஆசிரியர் இடம் காலியாகக் கிடந்தாலும் அங்கே எழுப்பித் தீர்மானமாகப் பதியச் சொல்லலாம்.