சுவர் சுமக்காத கட்டடம்

கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில் பழைய செட்டியார் கடைகள் சில இன்னும் நிற்கின்றன. அஞ்சடியில், அதாவது கடை முன்னால் உள்ள கூரை போட்ட நடைபாதையில், நின்று உள்ளே பாருங்கள். ஒரு பக்கச் சுவரிலிருந்து மறு பக்கச் சுவருக்கு மர உத்தரங்கள் ஓடும். அந்த மரம் எட்டுகிற தூரம்தான் கடையின் அகலம். மாடி, கூரை, ஓடு எல்லாவற்றின் பாரமும் சுவர் வழியாகத்தான் மண்ணுக்கு இறங்குகிறது. 1881இல் ஊர் எரிந்தது; அப்புறம்தான் அத்தாப்பு ஓலை போய்ச் செங்கல் வந்தது. சூளைகள் இருந்த இடம் நம் பிரிக்பீல்ட்ஸ்.

இரண்டு மாடிக்குச் சரி. பதினாறு மாடிக்கு? சிகாகோவில் 1891இல் மொனாட்னாக் கட்டடத்தைச் செங்கல் சுவரை நம்பியே எழுப்பினார்கள். அடியில் சுவர் 6 அடி தடிமன்! வாடகைக்கு விட வேண்டிய இடத்தைச் சுவரே தின்றுவிட்டது.

இத்தனைக்கும் அதே ஊரில் 1885லேயே வில்லியம் லீ பாரன் ஜென்னி வேறு வழி காட்டியிருந்தார். அவருடைய ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடம் 10 மாடி. உள்ளே பாரம் சுமக்க ஓர் எலும்புக்கூடு: வார்ப்பிரும்புத் தூண்கள், தேனிரும்பு உத்தரங்கள், மேல் மாடிகளில் மட்டும் அப்போது மலிவாகி வந்த எஃகு. முதல் வானளாவி என்று அதைச் சொல்வது வழக்கம். ஆனால் சில சுவர்கள் அங்கும் பாரம் சுமந்தன. என் கணக்கில் அது முக்கால் வானளாவி. 1931இல் இடித்துவிட்டார்கள்.

எஃகுக்கு என்ன தனிச்சிறப்பு? ஓர் அடிக்கோலை இரண்டு புத்தகங்களுக்கு நடுவே பாலம்போல் வைத்து அழுத்துங்கள். வளையும்போது மேல்புறம் நசுங்குகிறது, கீழ்புறம் இழுபடுகிறது. செங்கல் நசுக்கலைத் தாங்கும், இழுத்தால் பிளந்துவிடும். எஃகு இரண்டுக்கும் ஈடுகொடுக்கும். அதே அடிக்கோலை அதன் மெல்லிய விளிம்பு மேலே வரும்படி திருப்பிப் பாலமாக வைத்து அழுத்தினால் வளைவதே தெரியாது. எஃகு உத்தரம் ஆங்கில 'ஐ' எழுத்துபோல் இருப்பதும் இதனால்தான்: அதிகம் நசுங்கும் மேல்புறத்திலும் அதிகம் இழுபடும் கீழ்புறத்திலும் பட்டையான உலோகம், நடுவே மெல்லிய தகடு.

எஃகின் பலவீனம் தீ. 550 டிகிரி செல்சியஸ் வாக்கில் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதனால் அதைச் சுட்ட மண் ஓட்டாலோ கான்கிரீட்டாலோ போர்த்துவார்கள். 1871இல் எரிந்த சிகாகோவுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெட்ரோனாஸ் கோபுரங்களைப் பாருங்கள். வெளியே மின்னும் எவர்சில்வரும் கண்ணாடியும் எந்த மாடியையும் சுமக்கவில்லை. தூண்களும் நடுவிலுள்ள மையச்சுவரும்தான் சுமக்கின்றன. அவையும் எஃகு அல்ல, உயர்பலக் கான்கிரீட். அவ்வளவு எஃகை இறக்குமதி செய்தால் கட்டுப்படியாகாது. எஃகைத் தள உத்தரங்களுக்கும், 41, 42ஆம் மாடிகளை இணைக்கும் வான்பாலத்துக்கும் வைத்துக்கொண்டார்கள். காற்றில் இரு கோபுரமும் ஒரே மாதிரி ஆடாது என்பதால், அந்தப் பாலத்தின் முனைகளை இறுக்கிக் கட்டாமல் நகர இடம் விட்டிருக்கிறார்கள்.